பழைய ஆர்எக்ஸ்-8: யாழ்ப்பாணத்தில் வைத்துப் பராமரிக்க ஏலுமா?

கோண்டாவில் தம்பி:
வணக்கம். கொழும்பில் 2004ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆறு கியர் மனுவல், 92,000 கிலோமீற்றர் ஓடியது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இந்தக் காரில் எனக்கு ஆசை. பதிவுப் புத்தகத்தில் 1308 சிசி என்றுதான் இருக்கிறது, செலவு பெரிதாக வராது என்று புறோக்கர் சொல்கிறார். வேலை இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர்கூட வராது. மாதம் ஒருமுறை கொழும்பு போய் வருவேன். வைத்திருந்தவர்கள் உண்மையான கணக்கைச் சொல்லுங்கள்.

நல்லூர் பின்வீதி:
தம்பி, 2016இல் வாங்கினேன், இன்றும் வீட்டு வாசலில் நிற்கிறது. நீர் பார்த்த அதே மொடல்தான்.

முதலில் அந்த 1308 கணக்கை மறந்துவிடும். இது ரோட்டரி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் உள்ளே சுற்றும். 654 சிசி ரோட்டர் இரண்டு, அதைக் கூட்டித்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். சாதாரண எஞ்சினோடு ஒப்பிட்டால் 2.6 லீற்றர் எஞ்சின் இழுக்கும் அளவு காற்றையும் பெற்றோலையும் இது இழுக்கும். எனக்கு ஊருக்குள் லீற்றருக்கு 6 கிலோமீற்றர், ஏ9 வீதியில் 9. ஒயிலும் குறையும். அது பழுது இல்லை, ரோட்டர் நுனியில் இருக்கும் சீல்கள் தேயாமல் இருக்க எஞ்சின் தானாகவே கொஞ்சம் ஒயிலை உள்ளே தெளித்து எரிக்கிறது. என் கொப்பியில் எழுதி வைத்திருப்பதன்படி 1,500 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர். ஒன்றுவிட்டு ஒரு முறை பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஒயில் கம்பியை இழுத்துப் பார்க்காதவர் இந்தக் காரை வாங்கக்கூடாது.

2019இல் குடும்பத்தோடு கொழும்புக்குப் போகையில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வந்து திறப்பைத் திருப்பினேன். பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். ஸ்ராட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பொனற்றைத் திறந்து வைத்து முக்கால் மணித்தியாலம் ஆறவிட்ட பிறகுதான் பிடித்தது. சூட்டில் ஸ்ராட் ஆகாவிட்டால் பெரும்பாலும் கொம்பிரஷன், அதாவது எஞ்சின் காற்றை அமுக்கும் பலம், போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஒரு கராஜில் கொம்பிரஷன் அளக்கும் சாதாரண கேஜ் வைத்துப் பார்த்து, எஞ்சின் நல்லாயிருக்கிறது என்று அனுப்பியிருந்தார்கள்.

கழற்றிப் பார்த்தால், தொடக்கம் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு கொயில். நான்கு கொயிலில் ஒன்று பலம் குறைந்து, எரியாத பெற்றோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குள் போய், அது உருகி அடைத்து, அந்தச் சூடு திரும்பி சீல்களைத் தின்றிருக்கிறது. பின்பக்க ரோட்டரின் சீலை விரலால் தடவிப் பார்த்தேன், நடுவில் பள்ளம் தெரிந்தது. சீல் செற், ரோட்டரைச் சுற்றியிருக்கும் ஹவுசிங் இரண்டு, கொயில், பிளக், கூலி எல்லாம் சேர்த்து 8.6 லட்சம். டொலர் அன்று 180 ரூபாய் அளவில் இருந்தது. இன்றைய டொலருக்கு நீரே பெருக்கிப் பாரும்.

உம்முடைய மூன்று கிலோமீற்றர் ஓட்டம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. எஞ்சின் சூடேற முன் நிற்பாட்டினால் பிளக் பெற்றோலில் நனைந்து, அடுத்த முறை பிடிக்காமல் போகலாம். அக்சிலேற்றரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்ராட் பண்ணினால் பெற்றோல் வராது, நனைந்தது வெளியேறும். ஆனால் அது தினமும் செய்கிற வேலை இல்லை. வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போம்.

இன்னொன்று, எங்கள் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஒரு சொட்டும் விடாதேயும். கேத்தில் அடியில் படிகிற வெள்ளைச் சுண்ணாம்பு அங்கேயும் படியும். ரோட்டரி எஞ்சின் ஒருமுறை கொதித்தாலே தண்ணீர்ச் சீல் போய்விடக்கூடும்.

வவுனியா கராஜ்:
அண்ணை சொன்ன கேஜ் விஷயம் சரி. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். சாதாரண கேஜ் மூன்றில் கூடியதை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும், ஒரு முகம் செத்திருந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கென்று உள்ள மீற்றரில், நிமிஷத்துக்கு 250 சுற்றுக்குக் கணக்குப் பார்த்து, மூன்று முகத்துக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கோ. 6.8 பார் அழுத்தத்துக்குக் கீழே ஒன்று இருந்தாலும் அந்த எஞ்சின் திறக்க வேண்டிய எஞ்சின்தான்.

கோண்டாவில் தம்பி:
நன்றி அண்ணை. விற்பவர் கேஜ் வைத்துப் பார்த்ததாகத்தான் சொன்னார். ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு செலவழித்த பிறகும் ஏன் விற்கவில்லை?

நல்லூர் பின்வீதி:
விடிய ஐந்து மணிக்கு பளை தாண்டி ஆனையிறவுக்கு ஏறும்போது வீதி வெறுமையாக இருக்கும், இரண்டு பக்கமும் தண்ணீர். மூன்றாவது கியரில் ஊசி 7,000ஐத் தாண்டியும் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் இருக்காது, சத்தம் மட்டும் மெல்லிதாக ஏறிக்கொண்டு போகும். வேறு எந்தக் காரிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

நீர் காரைப் பார்க்கப் போகும்போது அரை மணித்தியாலம் ஓடும். நிற்பாட்டிவிட்டு விற்பவரோடு பத்து நிமிஷம் தேத்தண்ணி குடியும். பிறகு நீரே திறப்பைத் திருப்பும். உடனே பிடிக்காவிட்டால் விலையைப் பற்றிக் கதைக்காமல் பஸ் ஏறி வாரும். பிடித்தால் எனக்கு எழுதும், மீற்றர் இருக்கிற இடம் சொல்கிறேன்.