கதையில் மந்திரம் இருக்கிறது, வீடு இல்லை: அயனாவரம் அக்கா தம்பிக்கு யோசனை தேவை

மாடிவீட்டுச் சித்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக ஒரு கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பதின்வயதுப் பிள்ளைகள் படிப்பதற்கான மாயக்கதை. நடப்பது அயனாவரத்தில். அக்கா யாழினிக்கு 16, தம்பி கதிருக்கு 12. தாத்தா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். 1955-ல் தொழிற்சாலை திறந்த சில வருடங்களில் தெற்கே இருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பரணிலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டி இறங்குகிறது. அதற்குள் ஒரு கைக்கண்ணாடி. அதன் வழியாகப் போனால் பாதாளச் சென்னை. பிள்ளைகள் இருவரும் ஒரு பழைய மந்திர வம்சத்தின் கடைசி வாரிசுகள். அப்பா இதையெல்லாம் மறைத்து வைத்திருக்கிறார். இதுதான் கதை.

முதல் ஆறு அத்தியாயங்களை என் அக்கா மகனிடம் கொடுத்தேன். அவனுக்கு 14 வயது. படித்துவிட்டு, "சித்தி, அயனாவரம்னு போட்டிருக்கு, ஆனா டப்பிங் படம் பாக்குற மாதிரி இருக்கு" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வேளை சாப்பாடு கூடப் போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் படித்தால், பயல் சொன்னது சரி. 29சி பஸ் வருகிறது, ஓட்டேரி நாலா நாறுகிறது, வில்லிவாக்கம் ஸ்டேஷனில் மின்சார ரயில் நிற்கிறது. ஆனால் அந்த வீட்டில் ஒருவரும் சாமி கும்பிடுவதில்லை. பங்காளிச் சண்டை இல்லை. சாம்பார் கொதிக்கும்போது மட்டும்தான் அது நம் வீடு.

மந்திரத்தை எங்கிருந்து எடுப்பது? ரகசியம் இப்போது இருபதாவது அத்தியாயத்தில் உடைகிறது, அது தாமதமா? அப்புறம், இவ்வளவு ஆபத்திலும் யாழினி தம்பியை விட்டுவிட்டுப் போகாதது ஏன் என்று கேட்டால், "பாசம்" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. எழுதும்போது அந்தச் சொல்லே சலிப்பாக இருக்கிறது.

வத்திராயிருப்புக்காரர் எழுதியது:

ட்ரங்குப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டா அம்மா மந்திரம் தேடுகிறீர்கள்?

எங்கள் வீட்டில் கன்னிப்பெட்டி உண்டு. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்ணை வீட்டுச் சாமியாகக் கும்பிடுவது எங்கள் பக்கம் சாதாரணம். நார்ப்பெட்டி ஒன்று கன்னி மூலையில், அதாவது வீட்டின் தென்மேற்கு மூலையில், விட்டத்திலிருந்து தொங்கும். உள்ளே பாவாடை, சட்டை, ரிப்பன், கண்ணாடி வளையல், சீப்பு. ஒரு சின்னக் கைக்கண்ணாடியும் இருக்கும், ஆகவே உங்கள் கண்ணாடியைத் தூக்கிப் போட வேண்டாம். எங்களுக்குத் தைப்பொங்கலுக்கு மறுநாள் பெட்டி இறங்கும். புதுத் துணி வைத்துப் படைத்துவிட்டு, போன வருடத்துத் துணியை வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுப்போம். என் தங்கை அதை உடுத்திக்கொண்டு அன்றைக்குப் பூராவும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பயந்தாளா, பெருமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வட மாவட்டங்களில் பூவாடைக்காரி என்று கும்பிடுவது இதற்கு உறவுமுறைதான்.

இன்னொன்று கவனியுங்கள். பிள்ளைகள் வளர்வார்கள், கன்னி வளரமாட்டாள். எங்கள் ஊர் டெய்லருக்கு அந்த அளவு மனப்பாடம்.

ரகசியத்துக்கு வருகிறேன். மந்திர வம்சம் என்றால் நம் ஆட்கள் மறைத்தா வைப்பார்கள்? முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருப்பார்கள். எங்கள் கன்னிக்குப் பெயர் கிடையாது. அப்பத்தாவிடம் கேட்டேன், "சின்ன வயசுல போயிட்டா" என்றாள். எப்படி என்று கேட்டேன். சொம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். இப்படிச் சாமியானவர்களில் அம்மை கண்டு போனவர்கள் உண்டு, கிணற்றில் விழுந்தவர்கள் உண்டு. வீட்டாரே கொன்றுவிட்டு, அப்புறம் பயந்துபோய்ப் படையல் போட்ட கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. உங்கள் தாத்தா சென்னைக்கு வந்த பிறகும் அந்தப் பெட்டியைப் பரணில் ஏன் வைத்திருந்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்லதங்காள் கோயில் இருக்கும் அர்ச்சுனாபுரம் எங்களுக்குப் பக்கம்தான். பிள்ளைகள் ஏழு பேரையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள் என்று கதை. சோறு போடாத அண்ணி மூளி அலங்காரியைத் திட்டாத ஆளில்லை. எனக்கு நல்லதம்பி மேல்தான் கண். கெட்ட அண்ணன் என்று யாரும் சொல்லவில்லை. தங்கை பசியோடு வாசலில் நின்ற நேரத்தில் அவன் வேட்டைக்குப் போயிருந்தான், அவ்வளவுதான்.

பதினொன்று 'பி' எழுதியது:

ஆன்ட்டி, நான் பதினொன்றாவது படிக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு ரகசியத்தைக் கூட யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. கதைகளில் சாகப்போகும் தாத்தா கடிதம் எழுதி வைப்பார். என் தாத்தா செய்தித்தாளின் ஓரத்தில் பால் கணக்கு மட்டும்தான் எழுதினார்.

எனக்கு ஒன்று கிடைத்தது பழைய ரேஷன் கார்டில். ஸ்மார்ட் கார்டு வருவதற்கு முன்னால் இருந்த புத்தகம், நடுவில் உள்தாள் ஒட்டியிருக்கும். பெயர், வயது, உறவுமுறை என்று வரிசையாக இருந்ததில் ஒரு வரியைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். ஒரு வாரம் தூங்கவில்லை. கடைசியில் பார்த்தால் அது அத்தை. கல்யாணமாகி ஓசூர் போனதால் பெயர் நீக்கியிருக்கிறார்கள்! ஆனால் அந்த ஒரு வாரம் சூப்பராக இருந்தது. உங்கள் கதையில் அது நிஜமாகவே இருக்கட்டும்.

பாசம் பற்றி: என் அண்ணன் என்னை அம்மாவிடம் மாட்டிவிட மாட்டான். நான் அவனைப் பற்றி மூன்று விஷயம் வைத்திருக்கிறேன், அவன் என்னைப் பற்றி இரண்டு வைத்திருக்கிறான். அம்மா "யாருடி சார்ஜரை உடைச்சது" என்றால் இருவரும் ஒரே நேரத்தில் "தெரியாது" என்போம். இதற்குப் பாசம் என்று பெயர் வைத்தால் நாங்கள் இருவருமே சிரிப்போம்.

மணப்பாறை முறுக்கு எழுதியது:

நான் மேலே சொன்னவர்களோடு ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை. ரகசியத்தை வாசகரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருந்தால் போதும். எங்களுக்குப் பக்கத்தில் வீரப்பூர். அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து விடிய விடியப் பாடுவார்கள். பொன்னரும் சங்கரும் சாகப்போகிறார்கள் என்று மடியில் கிடக்கும் குழந்தைக்குக் கூடத் தெரியும். ஒருவராவது எழுந்து போவார்களா? தங்கை அருக்காணி கெட்ட கனவு கண்டுவிட்டாள் என்று வரும் இடத்தில் எங்கள் சின்னம்மா ஒவ்வொரு வருடமும் அழும். நடக்கப்போவது தங்கைக்கும் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது, போகிறவன் மட்டும் கேட்கமாட்டான்.

படுகளத்தில் கிடக்கும் அண்ணன்களை அவள் எழுப்புகிறாள் பாருங்கள், அது கொஞ்ச நேரத்துக்குத்தான். திரும்பிப் போய்விடுவார்கள். உங்கள் மந்திரத்துக்கும் அந்த அளவு கஞ்சத்தனம் வேண்டும். பாதாளச் சென்னை எல்லாம் ரொம்ப ஊதாரித்தனம்.

இதையும் சேர்த்து யோசியுங்கள். பெண்ணுக்குக் கல்யாணமானால் குலசாமி மாறிவிடும். வீட்டுச் சாமியும் பெட்டியும் ஆண்வழியில் போகும். அப்படியானால் யாழினி கண்ணுக்குத்தான் எல்லாம் தெரிகிறது, பெட்டி என்னவோ கதிருக்கு. 12 வயதுப் பையன் கையில் அந்தச் சாவியைக் கொடுத்துப் பாருங்கள், சண்டைக்குப் பஞ்சம் வராது.

மாடிவீட்டுச் சித்தி எழுதியது:

நான்கு நாளாக இந்தப் பக்கம் வராததற்கு மன்னிக்கவும், எழுதிக்கொண்டிருந்தேன். பாதாளச் சென்னையை மொத்தமாக இடித்துவிட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது, அதில் ஒரு முதலை நன்றாக வந்திருந்தது.

இப்போது இப்படி. பெட்டியில் 16 வயதுப் பெண்ணின் பாவாடை சட்டை. இந்த வருடம் அது யாழினிக்குச் சரியாக இருக்கிறது. உடுத்திக்கொண்டு கைக்கண்ணாடியைப் பார்த்தால், அந்தப் பெண் கடைசியாகப் பார்த்தது தெரியும், விளக்கில் எண்ணெய் தீரும்வரைக்கும்தான். அவள் அப்பாவின் அக்கா. 1979-ல் இறந்தவள். தாத்தாவின் பழைய கார்டில் சிவப்பு மை அடித்த வரி அவளுடையதுதான் (பதினொன்று 'பி'க்கு நன்றி, உன் ஓசூர் அத்தைக்கும்). வேறு சாதிப் பையனோடு போக இருந்தவள், தோழி வீட்டில் ஒளிந்திருந்தாள். அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. தாத்தா தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்து, அக்கா எங்கே என்று கேட்டார். அப்பா சொல்லிவிட்டார். அதற்குமேல் அப்பாவுக்கும் ஒன்றும் தெரியாது. மறுநாள் அக்கா இல்லை, அடுத்த பொங்கலுக்குப் பெட்டி வந்தது. அப்பா ஏன் வீட்டில் இனிப்பே வாங்குவதில்லை என்று முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். மணப்பாறைக்காரர் சொன்னபடி வாசகருக்கு மூன்றாவது அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு வெகுநாள் ஆகும்.

சாவி கதிரிடம். அதற்காக அக்கா அவனுக்கு ஒரு மாதம் கணக்கு வீட்டுப்பாடம் போட்டுக் கொடுக்கிறாள்.

கடைசிப் பக்கங்களில் இருந்து கொஞ்சம் போடுகிறேன். யாழினி சாயங்காலத்திலிருந்து வீட்டில் இல்லை:

அப்பா செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். கதிர் தரையில் உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா எங்கடா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்பா கையில் ஒரு பொட்டலம் இருந்தது. அவர் ஒருநாளும் வாங்காத கடையின் பொட்டலம். எண்ணெய் ஊறி, காகிதத்தின் அடிப்பக்கம் கண்ணாடி போல் ஆகியிருந்தது.

"தெரியாதுப்பா."

"நிஜமா?"

"நிஜமா தெரியாது."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, "நல்லது" என்றார்.

வத்திராயிருப்புக்காரர் எழுதியது:

பாவாடைக்கு நாடா வையுங்கள் அம்மா. நீங்கள் முதலில் எழுதியதைப் பார்த்தால் எலாஸ்டிக் வைத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. முதலையை வேறு கதைக்கு எடுத்து வையுங்கள்.