'மெயில்-இன் ரிபேட்': தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். அமெரிக்காவில் கணினி நினைவகம் (ரேம்) வாங்குவது பற்றிய கையேட்டில் 'மெயில்-இன் ரிபேட்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இப்போதைக்கு 'அஞ்சல் தள்ளுபடி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

---

> 'அஞ்சல் தள்ளுபடி' என்று போட்டிருக்கிறேன்

சரிவராது ஐயா. தபால் செலவில் ஏதோ குறைக்கிறார்கள் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். அதைவிடப் பெரிய சிக்கல் 'தள்ளுபடி'. கோ-ஆப்டெக்ஸ் தீபாவளி ரிபேட் பில்லிலேயே கழிந்துவிடும், அது தள்ளுபடி. இங்கே முழுப் பணத்தையும் முதலில் கட்ட வேண்டும். 80 டாலர் விலை, 30 டாலர் ரிபேட் என்றால் விளம்பரத்தில் 50 பெரிய எழுத்தில் இருக்கும். கல்லாவில் 80 கேட்பார்கள். விற்பனை வரியும் பெரும்பாலும் அந்த 80-க்குத்தான்.

அந்த 30 வர, படிவம், ரசீது நகல், பெட்டியிலிருந்து வெட்டிய அசல் யூபிசி பட்டைக்குறி மூன்றையும் கெடு தேதிக்குள் அஞ்சல் முத்திரை விழும்படி அனுப்ப வேண்டும். காசோலை வர ஆறு முதல் பத்து வாரம் ஆகலாம். அதனால் 'மீள்கழிவு' என்பது என் பரிந்துரை.

---

இலங்கையில் தள்ளுபடிக்கு 'விலைக்கழிவு' அன்றாடச் சொல். அங்கே 'மீள்கழிவு' எடுபடும். தமிழ்நாட்டில் மறுசுழற்சிக் குப்பை என்றுதான் காதில் விழும்!

இன்னொன்று: 'மீள்' என்றதும் பணம் தானாகத் திரும்பிவிடும் என்ற தொனி வருகிறது. இந்த ஏற்பாடு நிறுவனத்துக்குக் கட்டுபடியாவதே பெரும்பாலும் பலர் கேட்காமல் விடுவதால்தான். கேட்டவர்களுக்கும் எங்கே தடுக்கும் என்று பாருங்கள். நினைவகப் பெட்டியில் இரண்டு மூன்று பட்டைக்குறிகள் இருக்கும். 12 இலக்கமுள்ளதுதான் யூபிசி. வரிசை எண்ணை வெட்டி அனுப்பினால் நிராகரிப்பு. பெட்டியில்லாமல் உறையில் மட்டும் வரும் ஓஇஎம் நினைவகத்துக்குப் பெரும்பாலும் ரிபேட்டே கிடையாது. 'ஒரு வீட்டுக்கு ஒன்று' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், இரண்டு வாங்கினாலும் ஒன்றுக்குத்தான் பணம். காசோலை சில நேரம் விளம்பர அஞ்சலட்டை போலவே வரும். குப்பையில் போனால் போனதுதான். 90 நாளில் காலாவதியாகும் காசோலைகளும் உண்டு.

கேட்டால்தான் கிடைக்கும் என்பதே இதன் உயிர். ஆகவே 'கேட்புத் தள்ளுபடி'. அரசு அலுவலகத்தில் 'கேட்புப் பட்டியல்' புழங்குகிறதே, அதே கேட்பு.

---

கேட்புத் தள்ளுபடிக்கு என் வாக்கு. மீள்கழிவைத் திரும்பப் பெறுகிறேன். 'அஞ்சல்' இல்லாததும் நல்லது. படிவத்தை இணையத்தில் நிரப்பி, காசோலைக்குப் பதில் பணம் ஏற்றிய அட்டை வந்தாலும் சொல் நிற்கும். தொழிலில் 'பிரேக்கேஜ்' என்பார்களே, யாரும் கேட்காமல் நிறுவனத்திடமே தங்கிவிடும் பணம், அதற்கும் வழி பிறக்கிறது: 'கேளாத்தொகை'. 'உடைவு' என்று மொழிபெயர்த்தால் பண்டம் உடைந்ததாகிவிடும்.

கையேட்டில் வரிசையையும் மாற்றுங்கள். நினைவகத்தைப் பொருத்தி, அதில் பழுது இருக்கிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரல் ஓர் இரவு ஓடட்டும். ஒரு பிழைகூட வரவில்லை என்றால் மட்டும் கத்தரியை எடுக்கச் சொல்லுங்கள். யூபிசி வெட்டிய பெட்டியைக் கடை பெரும்பாலும் திரும்ப எடுக்காது. அப்புறம் உற்பத்தியாளரின் உத்தரவாதம்தான் கதி. அதற்காக ஓர் இரவுக்கு மேல் தள்ளவும் கூடாது, சில சலுகைகளின் கெடு வாங்கிய நாளிலிருந்து இரண்டு வாரம்கூட இருக்காது. உறையை ஒட்டுமுன் எல்லாவற்றையும் நகலெடுப்பது கட்டாயம். 'வரவில்லை' என்று அவர்கள் சொன்னால் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

---

நன்றி. 'கேட்புத் தள்ளுபடி', 'கேளாத்தொகை' இரண்டையும் ஏற்றிவிட்டேன். 'இன்ஸ்டன்ட் ரிபேட்' கல்லாவிலேயே கழிவதால் அதற்கு வெறும் 'தள்ளுபடி' போதும். யூபிசியை அப்படியே விடுகிறேன். ரிபேட் படிவத்தைப் படிக்கிறவருக்கு அந்த மூன்றெழுத்துதான் கண்ணில் படும்.