புதுப்பிப்பு: முற்றத்து வடகம் இந்த ஆண்டு தப்பியது

சென்ற சித்திரையில் போட்ட தாளிப்பு வடகம் முழுவதும் உள்ளே பூஞ்சை பிடித்து வீணானதை இங்கே வருத்தத்தோடு எழுதியிருந்தேன். இந்த ஆண்டு மறுபடியும் போட்டேன். இரண்டு கிலோ சின்ன வெங்காயம், கால் கிலோ பூண்டு, ஊறவைத்த கறுப்பு உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கொல்லைக் கறிவேப்பிலை.

தவறு எங்கே என்று அத்தைதான் கண்டுபிடித்தார். ஓட்டு வீட்டு முற்றத்தில் வெயில் முழுதாக இறங்கப் பத்து மணியாகிவிடுகிறது. மூன்றரைக்கெல்லாம் தாழ்வாரத்து நிழல் வந்துவிடுகிறது. அந்த ஐந்தரை மணி வெயிலுக்கு நான் ஆரஞ்சுப் பழ அளவில் உருட்டியிருந்தேன். உள் ஈரம் எப்படிப் போகும்? போதாததற்கு இரவில் பானையை இறுக மூடி வைத்திருந்தேன், வியர்த்துவிட்டது.

இம்முறை எலுமிச்சை அளவுதான். கயிற்றுக் கட்டிலில் வேட்டி விரித்து, வெயில் நகர நகரக் கட்டிலையும் நகர்த்தினேன். மாலையில் பானையில் கொட்டிப் பிசைந்து, வாயை மெல்லிய துணியால் கட்டி, காலையில் திரும்ப உருட்டினேன். ஐந்தாம் நாள் கையில் விளக்கெண்ணெய் தடவிக் கடைசியாக உருட்டினேன். பிறகு பன்னிரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன்.

நேற்று ஒன்றை உடைத்துப் பார்த்தேன். நடுவரை கறுத்து, மொரமொரவென்று உதிர்ந்தது. அதைக் கீரை மசியலில் தாளித்தபோது வாசம் திண்ணைவரை போனது. மீதி இப்போது அடுக்களைப் பரணில், பழைய ஊறுகாய் ஜாடியில் இருக்கிறது.