லேவியராகமத்தைத் தாண்டிப் போகலாமா?

மளிகைக் கடைக்காரர் (கேள்வி):
ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வருடாவருடம் புத்தாண்டு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தைத் திறந்துவிடுவேன். அப்பா சொல்லிக்கொடுத்த கணக்கு: நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. வருடத்துக்குள் வேதாகமத்தின் 1,189 அதிகாரமும் முடிந்துவிடும். ஆபிரகாம், யோசேப்பு, செங்கடல் வரை ஓட்டமாக ஓடும். ஜனவரி கடைசியில் மூன்றாவது புத்தகமான லேவியராகமம் வரும், பலிகளும் சட்டங்களுமாக. தகனபலி, கொழுப்பு, குண்டிக்காய்கள் (சிறுநீரகங்கள்). 13-ஆம் அதிகாரம் முழுக்கக் குஷ்டரோகம், 59 வசனம். அங்கே படுத்துவிடுகிறேன். நான்கு வருடமாக அடையாள நாடா அந்தப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

பால் வண்டி வருவதற்கு முன் வாசிக்கிறேன். கண் வசனத்தில், மனம் கடன் நோட்டில். இந்தப் புத்தகத்தை விட்டுவிட்டு அடுத்த புத்தகமான எண்ணாகமத்துக்குப் போனால் தவறா?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
தாண்டிப் போங்கள் அண்ணாச்சி. மூன்று அதிகாரக் கணக்கு உங்கள் அப்பா போட்டது, மோசே போட்டதல்ல. நான் தேதிக்கு ஒன்றாக நீதிமொழிகள் வாசிக்கிறேன். 31 அதிகாரம், மாதத்துக்குச் சரியாக இருக்கும். கூடவே சங்கீதப் புத்தகத்திலிருந்து வரிசையாக ஒன்று. 119-ஆம் சங்கீதம் வருகிற நாளில் மட்டும் 176 வசனம் முடிவதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிடும்.

இன்னொருவர்:
ஒலி வேதாகமத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

மளிகைக் கடைக்காரர்:
செய்து பார்த்தேன் தம்பி. பாவநிவாரணபலியைக் கேட்டுக்கொண்டே கால் கிலோ துவரம்பருப்பு கேட்டவருக்கு உளுந்தைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

கட்டட மேஸ்திரி:
நான் தாண்ட வேண்டாம் என்பேன். 13-இல் நின்றுவிட்டதால் நீங்கள் 19-ஆம் அதிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சனிக்கிழமை கூலி நாள். வீட்டுக்காரர் பணம் தரவில்லையென்றால், "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று ஆட்களை அனுப்பிவிடுவேன்; ஊர் வழக்கமே அதுதான். ஒரு சனிக்கிழமை காலை அந்த 19-ஆம் அதிகாரத்தின் 13-ஆம் வசனம் வந்தது: கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது. மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். நாள் முழுக்க உறுத்தியது. சாயங்காலம் வீட்டில் இருந்த சீட்டுப் பணத்தை எடுத்து ஆறு பேருக்கும் கொடுத்தேன். சித்தாள் அக்கா எண்ணிக்கூடப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே அதிகாரத்தின் கடைசியில் தராசும் நிறைகல்லும் சரியாக இருக்க வேண்டும் என்று வருகிறது. அது உங்கள் தொழில். நான் ஏன் பேச வேண்டும்?

மளிகைக் கடைக்காரர்:
மேஸ்திரி, ஒரு வாரமாக 19-ஐ விட்டு நகரவில்லை. அப்பாவின் கணக்கு போயே போய்விட்டது. கருப்பட்டியைத் தடித்த தாள் பையோடு நிறுப்பதுதான் எங்கள் கடைப் பழக்கம். பை எட்டு கிராம். ஒரு நாளைக்கு எத்தனை பை என்று எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. இப்போது வெறும் பையைத் தட்டில் வைத்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகே கருப்பட்டியைப் போடுகிறேன். நேற்று கடைப் பையன் கேட்டான்: "என்ன அண்ணாச்சி, தராசு கெட்டுவிட்டதா?"