பாதிக் குதிரை லீசுக்கு எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்

பாமன்கடைக்காரி:
லீஸ் என்றால் குதிரையை வாங்காமல் செலவைக் கட்டி ஏறுவது, இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நீட்டவில்லை. குதிரையின் உரிமையாளர் வெளிநாட்டில். ஏறும் நாட்களில் செவ்வாய், வியாழன், ஞாயிறு எனக்கு. புதன், வெள்ளி, சனி இன்னொருவருக்கு. திங்கள் குதிரைக்கு லீவு. லாய வாடகை, தீனி, லாடம் எல்லாம் இரண்டாகப் பிரித்துக் கட்டுகிறோம். அந்த மற்றவரை நான் நேரில் கண்டதே குறைவு. வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் போடுவார், அவ்வளவுதான் பழக்கம்.

மனதை விட்டுப் போகாதது ஒரு ஞாயிறு காலை. சேணம் வைத்தேன், பேசாமல் நின்றது. வயிற்றுப் பட்டியை இழுக்கக் கை வைத்ததும் காதைப் பின்னால் மடித்துக் கழுத்தை வளைத்து என் முழங்கையைப் பிடிக்க வந்தது. ஒருநாளும் கடிக்காத குதிரை. பட்டியைக் கழற்றி, முன்னங்காலுக்குப் பின்னால் மயிரை விலக்கிப் பார்த்தால் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குத் தோல் உரிந்திருக்கிறது. ஈரம் காயாத புண். வியாழன் நான் ஏறி இறங்கும்போது அங்கே ஒன்றுமே இல்லை. குளிப்பாட்டித் துடைத்தவள் நான்தான்.

படம் எடுத்து அனுப்பினேன். "நான் ஏறும்போது ஒன்றும் இருக்கவில்லையே" என்று பதில் வந்தது. பிறகு ஒரு கட்டைவிரல்.

புண் ஆறும்வரை சேணம் வைக்க முடியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடத்தத்தான் போகிறேன். காசு வழமைபோலப் போகிறது, அது போகட்டும். அது கடிக்க வந்தது என்னை. எங்கள் இருவரில் புண்ணைக் கொடுத்தது யார் என்று அதற்கு என்ன தெரியும்? இதை நினைத்தால்தான் எரிச்சலாக இருக்கிறது.

மூன்றாம் பங்கு:
உங்களுக்காவது இரண்டு பேர். எங்கள் போனிக்கு மூன்று குடும்பங்கள். மகளுக்குச் சனிக்கிழமை மட்டும்.

ஒரு சனி போனால் அந்தக் கொட்டிலில் வேறு குதிரை. விற்றாகிவிட்டது, நுவரெலியாப் பக்கம் போய்விட்டது என்று லாயத்துப் பொடியன் சொன்னான். உரிமையாளர் விற்கலாம், அவருடைய சொத்து, அதில் எனக்கு வழக்கில்லை. மகள் அழவும் இல்லை. காரில் ஏறினதும் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் போன் பண்ணினாள். ஒரு பிள்ளைக்குத் தெரியாது. மற்றப் பிள்ளை, "ஓம், நாங்கள் புதன்கிழமை வந்து படம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோமே" என்றதாம்.

அந்த அம்மாவும் நானும் ஒவ்வொரு மாதமும் கணக்குப் பார்க்கிறவர்கள். புதன், வியாழன், வெள்ளி. ஒரு மெசேஜ் போட எவ்வளவு நேரம் எடுக்கும்? இப்போதும் அவரை வெள்ளவத்தைச் சந்தையில் கண்டால் சிரித்துவிட்டுத்தான் போகிறேன். மகள் சிரிப்பதில்லை.

லெட்ஜர்:
இரண்டு அக்காமாரும் குறை நினைக்கக் கூடாது. ஒப்பந்தம் எழுதினீர்களா? வாய்ப்பேச்சில் குதிரையைப் பங்கு போட்டால் இப்படித்தான். நானும் ஒரு வருடம் பாதி லீசில் இருந்தேன், என் பங்காளி என் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார், என் கதை அவ்வளவுதான்.

ஆனால் எழுதுவது எப்படி என்று சொல்கிறேன். முதலில் நாட்களை எழுத வேண்டும், போயாவும் மழையும் வந்தால் அந்த நாள் யாருடையது என்பதையும் சேர்த்து. நாளுக்கு எத்தனை மணி நேரம், அதில் பாய்ச்சல் எவ்வளவு, தடை தாண்டலாமா கூடாதா. பங்காளி தன் மச்சானையும் நண்பரையும் ஏற்றலாமா என்பதும் வேண்டும், சண்டை அதிகம் வருவது அதில்தான். ஏறுபவரின் எடையையும் போடுங்கள். சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் 20 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 450 கிலோக் குதிரைக்கு அது 90 கிலோ, சேணமே ஏழு எட்டுக் கிலோ இருக்கும். லாடமும் குளம்பு வெட்டுவதும் 6 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை. அந்தச் செலவை ஏறுகிற நாளின்படி பிரிக்காதீர்கள், சரிபாதி. குளம்பு ஏறாத நாளிலும் வளரும். தீனியும் அப்படித்தான். 450 கிலோக் குதிரைக்கு உலர்ந்த கணக்கில் நாளுக்கு 9 கிலோ அளவில் போக வேண்டும், கினிப் புல் பச்சையாகப் போட்டால் அதைப் போலப் பல மடங்கு நிறுக்க வேண்டும். வழமையான மருத்துவச் செலவு யாருக்கு, விபத்துச் செலவு யாருக்கு என்பது தனித்தனி வரி. விற்பதாக இருந்தால் ஒரு மாத முன்னறிவித்தல், லீசுக்காரருக்கு முதல் உரிமை. கடைசியாக ஒரு கொப்பி. லாயத்துக் கதவில் கட்டித் தொங்கவிடுங்கள். ஏறியவர் பெயர், நேரம், ஏறுமுன் கண்டது, இறங்கியபின் கண்டது. முதல் அக்காவின் பிரச்சினை அந்தக் கொப்பி இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சும்மா வாசிப்பவன்:
நெடுந்தீவில் குதிரை சும்மா நிற்கிறது. லீசும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. குறிகாட்டுவானில் படகு ஏறுங்கோ.

மூன்றாம் பங்கு:
தம்பி, அவை போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன பரம்பரை, கட்டாக்காலியாகத் திரிகின்றன. கோடையில் அவற்றுக்குக் குடிக்கத் தண்ணீரே இல்லை. பகிடி விட வேறு இடம் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணர்:
லெட்ஜர் தம்பி, எங்களிடம் ஒப்பந்தம் இருந்தது. சட்டத்தரணி எழுதியது, முத்திரையோடு. அதில் ஒரு வரி: வழமைக்கு மேற்பட்ட எந்தச் சிகிச்சைக்கும் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வாசிக்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் பின்னேரம் லாயத்தில் இருந்து போன். குதிரை தீனி தொடவில்லை, முன்னங்காலால் தரையைக் கிளறுகிறது, அடிக்கடி திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறது. வேறு என்ன, வயிற்று வலிதான். நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தரம் விழுந்து புரண்டுவிட்டதாம். மிருக வைத்தியர் வந்தார். நாடி பார்த்தார், 60க்கு மேல். சும்மா நிற்கிற குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். பல்முரசு நிறம் மாறியிருந்தது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்பது உங்களுக்குத் தெரியும். இரைப்பை நிரம்பினால் மேலே வர வழியில்லை, வெடித்துத்தான் விடும். அதனால் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும். வைத்தியர் குழாயைக் கையில் சுற்றி வைத்துக்கொண்டு கேட்டார்: "இதில் சொந்தக்காரர் யார்?"

நாங்கள் மூன்று பேர் நிற்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். ஒருவருமே சொந்தக்காரர் இல்லை. சொந்தக்காரர் மெல்பர்னில். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே நள்ளிரவு தாண்டிவிடும். போன் அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. பங்காளி ஒருவர் போனில் ஒப்பந்தத்தின் படத்தைப் பெரிதாக்கி அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். வாசித்தார் ஐயா! குதிரை வியர்வை சொட்டச் சொட்ட நிற்கிறது, இவர் ஆறாம் பந்தி வாசிக்கிறார்.

லாயத்தில் வேலை செய்யும் சிங்கள மாமா ஒருவர், எழுத வாசிக்கப் பெரிதாகத் தெரியாத மனிதர், முகக்கயிற்றைப் பிடித்துக் குதிரையின் தலையை வைத்தியர் பக்கம் திருப்பி, "போடுங்க டொக்டர், காசு நான் தாறன்" என்றார். குழாய் போட்டார்கள். குதிரை தப்பியது. அவரிடம் அந்தக் காசு இருந்திருக்காது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எனக்கு இரவில் சில நேரம் அந்த ஆறாம் பந்தி வாசித்த குரல் கேட்கிறது. கொப்பி தொங்கவிடுவதைப் பற்றிப் பிறகு கதைப்போம், தம்பி.

லெட்ஜர்:
அண்ணை, அது ஒப்பந்தத்தின் பிழை இல்லை, அந்த வரியின் பிழை. "அவசரத்தில் இவ்வளவு ரூபாய் வரை அங்கே நிற்கும் லீசுக்காரரே தீர்மானிக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் சரி. தொகையை வருடம் ஒருமுறை மாற்றுங்கள், 2022க்குப் பிறகு மருந்து விலை பழைய கணக்கில் நிற்கவில்லை.

கொட்டாஞ்சேனை அண்ணர்:
சேர்த்தாச்சு. அடுத்த நாளே. அந்தப் பங்காளியையும் மாற்றியாச்சு.

ரீட் அவெனியூ:
பங்கு போடுவது இந்த ஊருக்குப் புதிதா என்ன. கொழும்பில் முதலில் குதிரை ஓடியது காலிமுகத்திடலில். 1893இல் கறுவாத்தோட்டத்து ரேஸ்கோர்சுக்கு மாறியது. பந்தயக் குதிரையில் நாலு ஐந்து பேர் கூட்டுச் சேர்வது அப்போதே நடந்தது. யுத்தக் காலத்தில் அதே மைதானம் விமான ஓடுபாதை, 1942 ஏப்ரலில் ஜப்பான்காரர் குண்டு போட வந்தபோது அங்கிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின. இப்போது அங்கே ரக்பி, கடைகள், கோப்பி. என் தாத்தா ஒரு குதிரையில் பங்கு வைத்திருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். எந்தக் கால் அவருடையது என்று கேட்டால் தோற்ற கால் என்பாராம்.

நனைந்த சப்பாத்து:
எல்லோரும் பங்காளியைத் திட்டுகிறீர்கள். என் பங்காளி நல்லவர், நேரத்துக்குக் காசு கட்டுவார், சேணத்தைத் துடைத்து வைப்பார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியிருந்தும் நடந்தது இது.

பழைய பந்தயக் குதிரை, நல்ல உயரம். ஏப்ரல் மாதம், உங்களுக்குத் தெரியும், காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டும். அன்று நாள் மாற்றிக்கொண்டதால் நான் போகும்போது அவர் ஏறி முடித்து இறங்கிக்கொண்டிருந்தார். சந்தோஷமாகச் சொன்னார்: "பாருங்கள், முக்கால் மணி நேரம் ஓடியிருக்கிறது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. என்ன உடம்பு!"

தோளில் கை வைத்தேன். காய்ந்த மயிர், அடியில் அடுப்புச் சூடு. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து, விலா படபடவென்று அடிக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் தெப்பமாக நனைந்து நிற்கிறோம், குதிரை மட்டும் காய்ந்து நிற்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வெப்பமானியில் 40ஐத் தாண்டியிருந்தது. 38.5க்கு மேல் போனாலே சும்மா நிற்கிற குதிரைக்குக் காய்ச்சல் என்று பார்ப்போம். நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளி வாளியாக ஊற்றி, மின்விசிறியையும் இழுத்து வைத்தோம். புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு மெல்ல மெல்ல வியர்ப்பதே நின்றுவிடும் என்று வைத்தியர் சொன்னார். வியர்வைதான் அவற்றின் பிரதான குளிரூட்டி, அது நின்றால் சூடு உள்ளேயே தேங்கும். நிச்சயமாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. குளிர்ப் பிரதேசத்துக்குப் போனால் பலதுக்குத் திரும்ப வரும்.

எனக்கு உறுத்துவது வேறு. போன மாதத்திலிருந்தே அது கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்திருக்க வேண்டும். என் நாட்களில் நான் மெதுவாக நடத்துவேன், விடியற்காலையில். அவர் நாட்களில் அவர் வேகமாகப் போவார், ஒன்பது மணிக்கு. நான் பார்த்த குதிரைக்கு வியர்க்கத் தேவையில்லை. அவர் பார்த்த குதிரை வியர்க்கவில்லை, அவருக்கு அது கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. கிழமை முழுவதும் ஒரே ஆள் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். இப்போது குதிரை மலைநாட்டில் இருக்கிறது. இருவருக்கும் லீஸ் இல்லை.

பாமன்கடைக்காரி:
நனைந்த சப்பாத்து, இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நாளைக்கே என் குதிரையின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். லெட்ஜர், கொப்பி வாங்கிவிட்டேன், போதும்.

வெள்ளி மட்டும்:
வணக்கம். யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐந்து ரூபாய்க் குற்றி, ஞாயிறு காலை, கட்டைவிரல். அந்த மற்றவர் நான்தான்.

கட்டைவிரல் போட்டது வேலையில் இருந்ததால், மரியாதைக் குறைவாக இல்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுவதால் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை நான் ஏறினேன், பட்டி போடும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்துத்தான் விட்டேன், தோல் சுத்தமாக இருந்தது. சனிக்கிழமை நான் லாயத்துக்கு வரவே இல்லை. அலுவலகத்தில் வருட முடிவுக் கணக்கு, அந்த மாதம் ஒரு சனிக்கிழமையும் வரவில்லை. வரமாட்டேன் என்று லாயத்துக்கு முன்கூட்டியே சொல்லியும் இருந்தேன்.

பாமன்கடைக்காரி:
அப்படியென்றால் சனி யார் ஏறியது?

வெள்ளி மட்டும்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். சனி காலையில் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கிளாஸ் நடக்கிறது, இல்லையா?

லெட்ஜர்:
கிளாசுக்குப் பாவிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில்

கொட்டாஞ்சேனை அண்ணர்:
தம்பி, கொஞ்சம் சும்மா இருங்கோ.

பாமன்கடைக்காரி:
ஒரு கிளாசில் இரண்டு மூன்று பிள்ளைகள் மாறி மாறி ஏறுவார்கள். ஒவ்வொருவருக்கும் பட்டியை இழுத்து இறுக்கியிருப்பார்கள், ஈரத்தோடேயே. அந்தச் சேணம் எங்களுடையதும் இல்லை. நாங்கள் இருவரும் முழுக்காசு கட்டுகிற நாளில் அவர்களும் காசு வாங்கியிருக்கிறார்கள்.

தம்பியா அண்ணாவா தெரியாது, நாளைக் காலை ஆறரைக்கு வர முடியுமா? தனியாகப் போய்க் கேட்டால் மற்றவர்தான் என்று இருவருக்கும் சொல்வார்கள்.

வெள்ளி மட்டும்:
அண்ணாதான். ஆறுக்கே நிற்கிறேன். புண்ணுக்குப் போட மருந்து இருக்கிறதா, வாங்கிக்கொண்டு வரவா?