பொருள்: 'மெய்நிகர் தனியார் வலையமைப்பு' வேண்டாமே – விபிஎன், தொலைநுழைவுச் சொற்கள்

அன்பின் கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். திருகோணமலையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து அலுவலகத்தின் உள்வலைக்குள் எப்படி வருவது என்று ஊழியர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்படி இணையத்தின் மேலேயே பாதுகாப்பாக உள்ளே வரும் வழியான விபிஎன்னுக்கு (ஆங்கிலத்தில் 'வேர்ச்சுவல் பிரைவேட் நெட்வேர்க்') 'மெய்நிகர் தனியார் வலையமைப்பு' என்பதையே நிலைநிறுத்திவிடலாம், புதிதாகத் தேட வேண்டாம் என்று இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். அதை மறுத்துத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் தனியார் என்றால் அரசு அல்லாதது. தனியார் பஸ், தனியார் மருத்துவமனை, தனியார் கல்வி நிலையம். கையேட்டின் வரைவை வாசித்த கணக்குப் பகுதி அக்கா கேட்ட முதல் கேள்வி: "இது எந்தத் தனியார் கொம்பனி? எங்கட கணக்கு முழுக்க அவங்களிட்டயா போகுது?" அவர் சரியாகத்தான் வாசித்தார். அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள்தான் இருக்கிறது. 'தனிப்பட்ட' என்று மாற்றினாலும் தீராது. தனிப்பட்ட என்றால் ஒருவரின் சொந்த விடயம். அலுவலக வலையமைப்பு யாருடைய சொந்த விடயமும் இல்லை.

ஆங்கிலத்தில் அந்த 'பிரைவேட்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நமக்கு அது தேவையில்லை என்பது விளங்கும். ஒரு நிறுவனம் தன் இரண்டு கிளைகளை இணைக்க வேண்டுமானால் தொலைபேசி நிறுவனத்திடம் ஒரு தடத்தைக் குத்தகைக்கு எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தடத்தில் வேறு யாரும் பேச முடியாது. அதுதான் 'பிரைவேட் நெட்வேர்க்'. பிறகு குத்தகைத் தடம் இல்லாமல், எல்லோரும் போகும் இணையத்தின் மேலேயே அதே தனிமையைத் தரும் வழிகள் வந்தன. குத்தகைத் தடம் இருப்பதுபோலவே, ஆனால் தடம் இல்லாமல் என்பதைச் சொல்ல 'வேர்ச்சுவல்' என்ற அடைமொழியை முன்னால் ஒட்டினார்கள். குத்தகைத் தடத்தையே கண்டிராத ஓர் ஊழியருக்கு இந்த இரண்டு அடைமொழிகளும் எதைச் சொல்லும்? 'மெய்நிகர்' தீங்கும் செய்கிறது. மெய் போன்றது, மெய்யல்ல என்று படுகிறது. அந்த வழியே வந்து அவர் அழிக்கும் கோப்போ மெய்யாகவே அழிந்துபோகும்.

அடுத்தது, 'மறைவலை', 'மறைவழி' என்ற முன்மொழிவுகள். காதுக்கு இனிமைதான். ஆனால் இலங்கையில் விபிஎன் என்ற சொல் சாதாரண மக்களின் வாய்க்கு எப்போது வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கக் கலவரத்தின்போது சமூக ஊடகங்களை முடக்கினார்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், 2022 ஏப்ரலில் போராட்டங்களின்போது மறுபடியும். ஒவ்வொரு தடவையும் ஆளுக்காள் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு தடையைத் தாண்டினார்கள். ஆகவே இங்கே விபிஎன் என்றால் ஒளிந்து போகும் செயலி. அலுவலகக் கையேட்டிலும் 'மறை' என்று எழுதினால், தான் ஒளிந்திருப்பதாகவே ஊழியர் நம்புவார். நடப்பது அதுவல்ல. இணைய சேவை வழங்குநருக்கு நீங்கள் எந்த முகவரியுடன், எப்போது, எவ்வளவு பேசினீர்கள் என்பது தெரியும். என்ன பேசினீர்கள் என்பது மட்டும் தெரியாது. அலுவலகப் பக்கத்திலோ எந்தத் திறவுகோல் (கருவியை அடையாளம் காட்டும் நீண்ட குறி) எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்பது வரை பதிவில் இருக்கும். பொய்யான உறுதி தரும் கலைச்சொல்லை நான் கையேட்டில் அச்சடிக்க மாட்டேன்.

எது நடக்கிறதோ அதிலிருந்து சொல்லை எடுப்போம். நாங்கள் பயன்படுத்துவது வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள். 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் 5.6 கருவோடு (கேர்னல்) சேர்க்கப்பட்டது. இரு முனைக்கும் ஆளுக்கொரு சோடித் திறவுகோல். பொதுத் திறவுகோலை மறுமுனைக்குக் கொடுக்கிறோம், தனித் திறவுகோல் அந்தந்தக் கருவியை விட்டு வெளியேறாது. அலுவலக உள்முகவரிக்குப் போகும் ஒவ்வொரு பொதியும், அதாவது தரவுத் துண்டும், பிறர் வாசிக்க முடியாதபடி குறியாக்கப்பட்டு, இணையத்தில் செல்லும் இன்னொரு யூடிபி வகைப் பொதிக்குள் வைத்து அனுப்பப்படுகிறது. அலுவலக முனை வழக்கமாக 51820ஆம் துறையில் (போர்ட்) அதை எதிர்பார்த்திருக்கும். தெரிந்த திறவுகோலால் பூட்டப்படாத பொதி வந்தால் பதிலே சொல்லாது.

இதற்கு என் முன்மொழிவு ஒழுங்கை. உவர்மலையிலோ உப்புவெளியிலோ வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெருந்தெருவிலிருந்து பிரிந்து, இரு பக்க வேலிகளுக்கு நடுவே, குறித்த சில வீடுகளுக்கு மட்டும் போகும் வழி. அது அங்கே இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உள்ளே போவது அந்த வீட்டுக்காரர்தான். பொதிக்குள் பொதி வைத்து அனுப்பும் இந்த வழிக்கு ஆங்கிலத்தில் 'டனல்' என்று பெயர். அதைச் சுரங்கம் என்று எழுதுகிறோம், ஆனால் சுரங்கம் என்றதும் மனதில் எழுவது கனிமம் தோண்டும் இடம். காப்பு என்பதை முன்னால் சேர்த்துக் காப்பொழுங்கை என்று வைத்தால் குறியாக்கமும் சொல்லுக்குள் வந்துவிடும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடம். ஒதென்டிகேஷன், ஒதரைசேஷன் இரண்டையுமே 'அனுமதி' என்று எழுதுகிற பழக்கம் ஆபத்தானது. 2022 ஜூனில் பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டு, அரச ஊழியர்களையே வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்ன நாட்களில், கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் வீட்டிலிருந்தே கப்பல் ஆவணங்களைத் தயாரித்தார்கள். உள்ளே வந்த இலிகிதர் யார் என்று உறுதிசெய்வது ஒரு வேலை. அவர் ஆவணக் கோப்புறையைத் திறக்கலாம், சம்பளச் சேவையகத்தின் பக்கம் போகக்கூடாது என்று வரையறுப்பது வேறு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்த வலையமைப்புகளில், உள்ளே வந்தவர் எல்லா அறைக்கும் போகலாம். எனவே முதலாவதற்கு ஆளறிதல், இரண்டாவதற்கு இசைவு என்று இரு சொற்களை முன்வைக்கிறேன்.

ஆளறிதலில் கடவுச்சொல் மட்டும் போதாது. கைத்தொலைபேசியில் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணையும் கேட்க வேண்டும். 2011இல் வந்த ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வகுத்த முறை அது. இதை 'இருசான்று ஆளறிதல்' என்கிறேன். 2021 மே மாதம் முடங்கிய அமெரிக்காவின் கொலோனியல் எரிபொருள் குழாய் நிறுவனத்துக்குள் தாக்குபவர்கள் நுழைந்தது ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. யாரும் பயன்படுத்தாத கணக்கு, ஆனால் மூடப்படவில்லை. கடவுச்சொல்லுக்கு மேல் வேறு சான்று கேட்கவும் இல்லை. நாட்டின் கிழக்குக் கரைக்கு எண்ணெய் அனுப்பும் குழாயே சில நாட்கள் நின்றது. ஆகவே 'ரிவோக்' என்பதற்கும் ஒரு தெளிவான சொல் வேண்டும். 'இரத்துச்செய்தல்' கூட்டத்தை இரத்துச்செய்வது போல இருக்கிறது. ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளிலேயே அவரது பொதுத் திறவுகோலைச் சேவையகத்திலிருந்து எடுத்துவிடுவதைத் 'திறவுகோல் மீட்பு' என்று சொல்லலாமா?

திறவுகோல் என்று நான் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நாங்கள் வீட்டில் திறப்பு என்போம், தமிழ்நாட்டில் சாவி என்பீர்கள். கலைச்சொல்லில் இதற்காகச் சண்டை வேண்டாம். திறவுகோல் இரு கரைக்கும் பொது. இந்த ஊர் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய விபுலானந்த அடிகள்தான் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். ஒரே சொல்லை இரு கரையும் புழங்குவது அப்போதே நடந்த வேலை.

ரிமோட் அக்செஸுக்குத் 'தொலைநுழைவு', ரிமோட் டெஸ்க்டொப்புக்குத் 'தொலைத்திரை' போதும். ஃபயர்வோல் தீச்சுவராகவே இருக்கட்டும். அதைத் தொட எனக்கு விருப்பமில்லை.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து

*

வணக்கம் ஐயா,

மதுரையிலிருந்து எழுதுகிறேன். 'தனியார்' போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. இங்கேயும் அதே குழப்பம்தான். ஆனால் ஒழுங்கை இங்கு நிற்காது. உங்கள் ஊரில் அது தெரு. எங்களுக்கு அது ஒழுங்கு என்பதன் இரண்டாம் வேற்றுமை. 'காப்பொழுங்கை அமைக்கவும்' என்று படிக்கிற மாணவர், ஏதோ ஓர் ஒழுங்கை அமைக்கச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். வழி என்ற பொதுச்சொல் இருக்கும்போது ஏன் இந்தச் சிக்கல்? 'காப்புவழி' என்று வைத்தால் என்ன?

இன்னொன்று. ஆளறிதல் என்கிறீர்கள். இரண்டு கிளை அலுவலகங்களை நிரந்தரமாக இணைக்கும்போது அங்கே ஆளே இல்லையே. இரண்டு வழிப்படுத்திகள் (ரவுட்டர்கள்) ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. வயர்கார்டில் ஊழியர் வீட்டிலிருந்து வரும்போதும் திறவுகோல் சொல்வது இன்ன மடிக்கணினி என்பதைத்தான். அதன் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அல்ல. அந்த இடத்தில் உங்கள் சொல் தவறான தகவல் தருகிறது. 'மெய்ப்பித்தல்' என்றால் ஆளுக்கும் பொருந்தும், கருவிக்கும் பொருந்தும்.

திறவுகோல் மீட்பும் சரிவராது ஐயா. கோப்பு மீட்பு, தரவு மீட்பு என்றால் இழந்ததைத் திரும்பப் பெறுவது. தொலைந்த சாவியை மீட்டுத் தருவார்கள் என்று நினைப்பார்கள். நேர் எதிரான பொருள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

*

அன்பின் சகோதரிக்கு,

மூன்று மறுப்புகளில் இரண்டை அப்படியே ஏற்கிறேன். வேற்றுமை உருபோடு மயங்கும் சொல்லைப் பொதுக் கலைச்சொல்லாக வைக்க முடியாது. காப்புவழி என்றே இருக்கட்டும். மறை, தனியார், மெய்நிகர் மூன்றும் இல்லாமல் இரு கரைக்கும் விளங்குகிறது. எங்கள் கையேட்டில் விளக்கம் தரும் இடத்தில் ஒழுங்கை வரும். கலைச்சொல்லாக வராது. மீட்புக்குப் பதில் 'திறவுகோல் நீக்கம்' என்று எழுதுகிறேன்.

ஆளறிதலில் மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. நீங்கள் காட்டிய வேறுபாடு உண்மை. ஆனால் அந்த வேறுபாட்டை ஒரே சொல்லால் மூடிவிடக்கூடாது என்பதற்கும் அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. திறவுகோல் இருக்கும் வயர்கார்ட் அமைப்புக் கோப்பை மகளின் கைத்தொலைபேசிக்குப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, "எனக்குத் தந்ததைத்தானே நான் எடுத்தேன்" என்று ஊழியர் சொன்னால் நாம் என்ன சொல்வது? அந்தக் கோப்பு அவரை அடையாளம் காட்டவில்லை, அலுவலகம் தந்த மடிக்கணினியைத்தான் அடையாளம் காட்டுகிறது என்று விளங்கப்படுத்த வேண்டும். அதற்குக் 'கருவியறிதல்', 'ஆளறிதல்' என்ற இரண்டும் வேண்டும். காப்புவழி திறக்கும்போது நடப்பது கருவியறிதல். அதற்குப் பிறகு ஆவணச் சேவையகம் கடவுச்சொல்லும் 6 இலக்க எண்ணும் கேட்பது ஆளறிதல். இரண்டுக்கும் பொதுவான மேற்சொல் தேவைப்படும் பாடநூல்களில் உங்கள் மெய்ப்பித்தலை வைத்துக்கொள்ளலாம். கையேட்டில் எனக்கு அது தேவைப்படாது.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு பந்தி எழுதிப் பார்த்தேன்:

"தொலைநுழைவுக்கு முதலில் காப்புவழியைத் திறக்கவும். காப்புவழி திறக்காமல் தொலைத்திரை இயங்காது. காப்புவழிக்கான திறவுகோல் இந்த மடிக்கணினிக்கு மட்டும் உரியது, வேறு கருவிக்குப் பிரதி எடுக்க வேண்டாம். கருவியறிதல் முடிந்ததும் ஆளறிதலுக்கான எண் கேட்கப்படும். உங்கள் இசைவுக்கு உட்பட்ட கோப்புறைகள் மட்டுமே தெரியும். மடிக்கணினி தொலைந்தால் அந்த நிமிடமே அறிவிக்கவும், திறவுகோல் நீக்கம் செய்யப்படும்."

கணக்குப் பகுதி அக்காவிடம் கொடுத்தேன். இடையில் நிறுத்திக் கேட்டது 'இசைவு' என்ற சொல்லை மட்டும்தான். அதன் பொருளைச் சொன்னதும் சம்பளக் கோப்புறை யார் யாருக்குத் தெரியும் என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

தொலைத்திரை பற்றி ஒரு வார்த்தை. காப்புவழி எதற்கு, தொலைத்திரை பயன்படுத்தும் 3389ஆம் துறையை நேரடியாக வெளியே திறந்துவிட்டால் வேலை சுலபம்தானே என்று இங்கே இன்னொரு அன்பர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். அந்தத் துறை திறந்திருக்கும் முகவரிகளைத் தேடி இணையத்தை ஓயாமல் வருடும் நிரல்கள் இருக்கின்றன. 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளிவந்தபோது, கடவுச்சொல்லே தெரியாமல் பழைய விண்டோஸ் கணினிகளைக் கைப்பற்ற வழி இருந்தது. ஆதரவை நிறுத்திவிட்ட எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசொஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

இன்னும் இரண்டு சொற்களுக்கு உங்கள் எல்லோரின் உதவியும் வேண்டும். அலுவலகத்துக்கான பொதிகளை மட்டும் காப்புவழியில் அனுப்பி, மற்றவற்றை வீட்டு இணைப்பிலேயே விடுவதற்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் 'ஸ்பிளிட் டனலிங்'. 'பிளவு' என்று தொடங்கும் எதையும் ஊழியர்கள் பழுது என்றே நினைப்பார்கள். நான் இப்போதைக்குப் 'பகுதிக் காப்புவழி' என்று எழுதியிருக்கிறேன், அவ்வளவு திருப்தி இல்லை. மற்றது, வீட்டு வழிப்படுத்தியும் அலுவலகமும் ஒரே 192.168.1 முகவரித் தொடரைப் பயன்படுத்துவதால், அலுவலகத்துக்குப் போக வேண்டிய பொதி வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுவது. அலுவலகத் தொடரை 10இல் தொடங்கும் அரிதான ஒன்றாக மாற்றிவிட்டால் தீரும். ஆனால் அந்தச் சிக்கலுக்கு ஒரு பெயர் இருந்தால் ஊழியர் தொலைபேசியில் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார். 'முகவரி மோதல்' என்றால் இரண்டு கணினிகள் ஒரே எண்ணை எடுத்துக்கொள்வது என்று ஏற்கெனவே பொருள் இருக்கிறது. இது தொடருக்கும் தொடருக்கும் உள்ள மயக்கம். யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து