முழு வாய்க்கும் இம்ப்ளாண்ட் வெச்சவங்க அனுபவம்: டெம்பரரி பல்லோட இருக்குற அந்த மாசங்கள்

மதுரைக்காரி:

முழு வாய்க்கும் இம்ப்ளாண்ட், அதாவது பல்லு வேருக்குப் பதிலா தாடை எலும்புல வைக்கிற டைட்டானியம் ஸ்க்ரூ, வைக்கலாமா வேண்டாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. எவ்ளோ செலவு, வலிக்குமா, எத்தனை வருஷம் தாங்கும், இந்த மூணுதான் திரும்பத் திரும்ப வருது. எனக்கு மேல கீழ ரெண்டு தாடைக்கும் போட்டு பெர்மனன்ட் பல்லும் மாட்டியாச்சு, அதனால என் பங்குக்கு சொல்றேன். ஆபரேஷன் நாளை நெனச்சு எல்லாரும் பயப்படுறோம், அது மரத்துப்போற ஊசி போட்டு ஒரே நாள்ல முடிஞ்சுரும். அதுக்கப்புறம் பெர்மனன்ட் பல்லு வர்ற வரைக்கும் டெம்பரரி செட்டோட இருக்கணும் பாருங்க, அந்த மாசங்கள்லதான் எல்லாமே இருக்கு. அதைப் பத்தி விளம்பரத்துல ஒரு வரி கூட வராது.

எனக்கு சுகர் வந்து ரொம்ப வருஷமாச்சு. பல்லுல சொத்தையே கிடையாது, ஈறுதான் வீங்கும், பிரஷ் பண்ணா ரத்தம் வரும், அப்புறம் ஒண்ணொண்ணா ஆட ஆரம்பிச்சு கடைசியில வாழைப்பழம் கூட கடிக்க முடியல. ஈறுக்கு அடியில இருக்குற எலும்பு கரைஞ்சு போயிருச்சு. சுகர் ஏறுனா ஈறு கெடும், ஈறு கெட்டா சுகர் இறங்க மாட்டேங்கும், ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டே போகும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மொதல்ல போன இடத்துல ஓபிஜிங்கற முழுத் தாடை எக்ஸ்ரேயை மட்டும் பாத்துட்டு, இந்த வாரமே எல்லாத்தையும் எடுத்துட்டு மூணு நாள்ல பல்லு மாட்டிரலாம்னாங்க, சுகரைப் பத்தி கேக்கவே இல்ல. எனக்கு மனசு ஒப்பல, வேற இடத்துக்குப் போனேன். அங்க மொத கேள்வியே மூணு மாச சராசரி சுகர், அந்த HbA1c டெஸ்ட், எவ்ளோங்கறதுதான். 9க்கு மேல இருந்துச்சு. 7க்குப் பக்கத்துல கொண்டு வாங்க, அதுவரைக்கும் ஈறை ஆழமா கிளீன் பண்ணிக்கிட்டு இருப்போம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நோயாளியை இப்படி திருப்பி அனுப்புற டாக்டர் கெடச்சா விட்றாதீங்க.

சுகர் இறங்குனப்புறம் சிபிசிடின்னு தாடையை 3டில காட்டுற ஸ்கேன் எடுத்தாங்க. ஓபிஜில எலும்போட உயரம் தெரியும், அகலம் தெரியாது. சிபிசிடில அகலம், கீழ்த் தாடைக்குள்ள ஓடுற நரம்பு, மேல் தாடைக்கு மேல இருக்குற சைனஸ்ங்கற காத்துப்பை எவ்ளோ தாழ்வா இருக்கு, எல்லாமே தெரியும். அந்த நரம்புல பட்டா உதடும் தாடையும் மரத்துப் போயிரும், அதனால இந்த ஸ்கேன் இல்லாம முழு வாய் இம்ப்ளாண்டுக்கு ஒத்துக்காதீங்க. எனக்கு கீழ 4, மேல 6. போர்ச்சுகல் நாட்டுல லிஸ்பன்ல பாலோ மாலோங்கற டாக்டர் 1990கள் கடைசியில கொண்டு வந்த ஆல் ஆன் ஃபோர், அதாவது ஒரு தாடைப் பல்லு முழுசையும் 4 இம்ப்ளாண்ட் மேல நிறுத்துற முறைதான் கீழ போட்டது, முன்னாடி ரெண்டு நேரா, பின்னாடி ரெண்டு சாய்வா. சாய்ச்சு வெச்சா அந்த நரம்பைத் தொடாம நீளமான ஸ்க்ரூ போடலாம், மேல் தாடையா இருந்தா சைனஸுக்குள்ள போகாம தப்பிக்கலாம். மேல் தாடை எலும்பு எப்பவுமே கொஞ்சம் மிருதுவா இருக்குமாம், எனக்கு இன்னும் மிருதுவா இருந்ததால அங்க ரெண்டு கூட போட்டாங்க.

பல்லை எடுத்து அதே நாள்ல இம்ப்ளாண்டும் வெச்சாங்க. முகம் வீங்குச்சு, கன்னத்துல ரத்தக்கட்டு, ஐஸ் வெச்சேன், மாத்திரை போட்டேன், சரியாப் போச்சு. ஸ்க்ரூ எலும்புல நல்லா இறுகினாதான் உடனே டெம்பரரி பல்லு, இல்லன்னா ஈறை மூடித் தச்சு சில மாசம் காத்திருக்கணும்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க. எனக்கு இறுகிருச்சு, அக்ரிலிக்ங்கற பிளாஸ்டிக்ல செஞ்ச டெம்பரரி செட்டு மாட்டிட்டாங்க. வீட்டுக்கு வந்து கண்ணாடில பாத்தா வரிசையா வெள்ளைப் பல்லு. பாக்க வர்ற எல்லாரும் முடிஞ்சுபோச்சுன்னுதான் நெனப்பாங்க.

முடியலங்க, அப்பதான் ஆரம்பம். டைட்டானியத்தோட எலும்பு ஒட்டி வளரும்னு மொதல்ல கண்டது ஸ்வீடன்ல ப்ரானமார்க்னு ஒரு டாக்டர், 1950கள்ல முயல் காலுக்குள்ள வெச்ச டைட்டானியத்தைத் திரும்ப எடுக்க முடியல, எலும்பு அப்படிப் பிடிச்சிருந்துச்சு. 1965ல மொத மொத ஒரு மனுஷருக்கு வெச்சாரு, அவர் 2006ல இறக்குற வரைக்கும் அந்த இம்ப்ளாண்ட் அவருக்கு இருந்துச்சு. 40 வருஷத்துக்கு மேல. ஆனா அந்தப் பிடி மொத நாளே வந்துராது. மொத நாள்ல இருக்குறது வெறும் ஸ்க்ரூவோட இறுக்கம். சுத்தி இருக்குற பழைய எலும்பு கொஞ்சம் கரையும், புது எலும்பு மெதுவா வரும், நடுவுல 3, 4 வாரம் கிட்ட பிடிமானம் மொத நாளை விடக் குறைஞ்சிருக்கும். நாத்தைப் பிடுங்கி நட்டா கொஞ்ச நாள் வாடிட்டுத்தானே அப்புறம் வேர் பிடிக்கும், அதே மாதிரின்னு டாக்டரம்மா சொன்னாங்க. சரியா அந்த நேரத்துலதான் நமக்கு வலி போயிருக்கும், வீக்கம் போயிருக்கும், பசி நல்லா எடுக்கும், பல்லு அழகா இருக்கும், கடிச்சா என்னன்னு தோணும். அந்த நேரத்துல இம்ப்ளாண்ட் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு, ஒண்ணரைப் பங்கு அசைஞ்சுக்கிட்டே இருந்தாலே எலும்புக்குப் பதிலா வெறும் நார்ச்சதை வந்துருமாம், அப்புறம் பிடிக்கவே பிடிக்காது.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க. நம்ம சொந்தப் பல்லைச் சுத்தி மெல்லிசா ஒரு நார் இருக்கு, சோத்துல கல்லு கடிபட்டா சட்டுனு வாயைத் திறக்க வைக்கிறது அதுதான். இம்ப்ளாண்டுக்கு அந்த நார் கிடையாது, எவ்ளோ அழுத்தமா கடிக்கிறோம்னு சரியாத் தெரியாது. அதனால வலிக்கலைங்கறதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

சாப்பாடுன்னு பாத்தா இட்லி, இடியாப்பம், குழைய வடிச்ச ரசம் சாதம், கேப்பைக் கூழ், பருப்பு மசியல், முள்ளு எடுத்த மீன், முட்டைன்னா பொடிமாஸ். மாசக்கணக்கா இதேதான். சப்பாத்தி கூட வேணாம்னாங்க, அது இழுக்கும். புரதம் குறையக் கூடாது, புண்ணு ஆறாது, சுகர்காரங்க கூழும் இட்லியுமாவே ஓட்டுனா சுகரும் ஏறிரும். விசேஷ வீட்டுக்குப் போறதுதான் கஷ்டம், ஒரு வாய்தானே சாப்பிடுன்னு பாசத்துல ஊட்டி விட வருவாங்க. நான் வீட்டுலயே சாப்பிட்டுட்டுப் போயிருவேன், இல்ல பாயசத்தோட நிறுத்திக்குவேன். பேச்சும் கொஞ்ச நாளைக்கு ச, ஸ வரும்போது காத்து வரும், தினமும் பேப்பரை சத்தமா வாசிச்சேன், தானா சரியாயிருச்சு.

பெர்மனன்ட் பல்லுக்கு உள்ள டைட்டானியம் பார் வெச்சு மேல அக்ரிலிக், மெட்டல் செராமிக், ஜிர்கோனியாங்கற கெட்டியான வெள்ளை செராமிக்னு இருக்கு. எனக்கு கீழ பார் வெச்சது, மேல ஜிர்கோனியா. எதுவா இருந்தாலும் ஸ்க்ரூல மாட்டுறதான்னு கேளுங்க, அப்பதான் பின்னாடி டாக்டர் கழட்டி கிளீன் பண்ணி மாட்ட முடியும். ரெண்டு தாடைக்கும் சேத்து எனக்கு 6 லட்சத்துக்கு மேல ஆச்சு, ரிட்டயர்மென்ட் பணத்துல போட்டது. ஹெல்த் இன்சூரன்ஸ்ல விபத்துக்குத் தவிர பல்லுக்கு பெரும்பாலும் தர மாட்டாங்க, பாலிசியைப் படிச்சுப் பாருங்க.

ஈரோட்டுப் பையன்:

வணக்கமுங்க அக்கா. ரொம்ப விவரமா எழுதியிருக்கீங்க. எங்கப்பாரு அனுபவம் வேற மாதிரிங்க. கீழ்த் தாடைக்கு சாதாரண செட்டுப்பல்லு கட்டி ரொம்ப நாள் ஆச்சுங்க, எலும்பு தேஞ்சு போயி அது வாயில மெதந்துட்டே இருக்கும், பேசறப்ப தூக்கும், சாப்பிடறப்ப கழட்டி சட்டைப் பையில வெச்சுக்குவாரு. பல்லு இல்லாம சாப்பிடறதைப் பாக்க எங்களுக்கே மனசு கேக்கலைங்க. ஆறு லட்சமெல்லாம் எங்களால முடியாதுங்க. டாக்டர் கீழ ரெண்டே ரெண்டு இம்ப்ளாண்ட் வெச்சு, செட்டுப்பல்லு அது மேல பட்டனாட்டம் டக்குனு மாட்டற மாதிரி பண்ணிரலாம்னாருங்க. மேல சாதாரண செட்டே போதும், மேல அண்ணத்துல ஒட்டி நிக்கும்னாருங்க. 2002லயே கனடாவுல மெக்கில் யுனிவர்சிட்டியில டாக்டருங்க கூடி, பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு இந்த ரெண்டு இம்ப்ளாண்ட் செட்டைத்தான் மொத சாய்ஸா சொல்லோணும்னு அறிக்கை குடுத்திருக்காங்களாமுங்க. ஆனா நாங்க விசாரிச்ச மத்த இடத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் சொல்லலைங்க.

அப்பாருக்கு ஸ்டென்ட் வெச்சிருக்குதுங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரு. பக்கத்து வூட்டுக்காரங்க பல்லு எடுக்கறதுக்கு முன்னாடி அதை நிறுத்திருன்னாங்க. பல் டாக்டர் அப்படி நீங்களா நிறுத்தவே கூடாது, ஹார்ட்டுக்கு ஆபத்துன்னு சொல்லி இதய டாக்டருக்கு லெட்டர் எழுதி வாங்கிட்டுத்தான் கையே வெச்சாருங்க. பீடியும் விடச் சொன்னாரு, புகை பிடிக்கறவங்களுக்கு இம்ப்ளாண்ட் கழண்டு போற வாய்ப்பு அதிகமுங்க. அதை விட வெக்கறதுதான் எங்களுக்குப் பெரிய பாடாப் போச்சுங்க, எங்கம்மா கூடவே இருந்து விட வெச்சுது. இப்ப ராத்திரி கழட்டி கழுவி தண்ணியில போட்டுட்டுத் தூங்கறாரு. உள்ள இருக்கற நைலான் கேப்பு மட்டும் தேயத் தேய மாத்தோணும், அது சின்னச் செலவுதானுங்க.

நாகர்கோவில் மகள்:

அக்கா, ஒரு விஷயம் எல்லாரும் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். எங்க அம்மைக்கு எலும்புத் தேய்மானத்துக்கு வருஷத்துக்கு ஒருக்கா ஸோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடுவோம். பல்லு எல்லாம் ஆடுதுன்னு இம்ப்ளாண்ட் கேட்டு போனோம். வேற என்ன மருந்து எடுக்காங்கன்னு கேட்டப்ப சுகர், பிரஷர் மட்டும்தான் சொன்னோம், வருஷத்துக்கு ஒரு ஊசிய யாரு மருந்துன்னு நெனப்பா. அந்த டாக்டர் விடாம, எலும்புக்கு ஏதாவது ஊசி உண்டான்னு தனியா கேட்டாரு, அப்பதான் சொன்னோம். இந்த ஊசி போட்டவங்களுக்கு பல்லைப் பிடுங்கினா சில பேருக்கு அந்த இடம் ஆறாம தாடை எலும்பு வெளிய தெரிஞ்சு அழுகிப் போகுமாம். எலும்புக்கே போடுற டெனோசுமாப்ங்கற ஊசிக்கும் இது உண்டு, கேன்சருக்கு அதிக அளவுல போடுறவங்களுக்கு இன்னும் ஆபத்து. அம்மைக்கு இம்ப்ளாண்ட் வேண்டாம்னுட்டாரு. கொஞ்சமாவது பிடிமானம் இருந்த பல்லுகள பிடுங்காம வேர் சிகிச்சை பண்ணி, மேல் பாகத்த மட்டும் வெட்டி, வேரு மேலயே செட்டு உக்கார மாதிரி செஞ்சு தந்தாரு. அம்மை இப்ப நல்லா சாப்பிடுதாங்க. ஊசிய நிறுத்தணும்னு நான் சொல்லல, இடுப்பு எலும்பு உடையாம காப்பாத்துறதும் அதுதான். பல் டாக்டர்ட்ட மறக்காம சொல்லுங்க, முடிஞ்சா ஊசி ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே பல்லைக் காட்டி சரி பண்ணிருங்க.

சென்னைவாசி:

மேடம், நீங்க சொன்ன அந்த நடு மாசங்கள்லதான் எனக்கு பிரச்சினை வந்துச்சு. என்கிட்ட டெம்பரரின்னு யாருமே சொல்லல, இதுதான் உங்க பல்லுன்னு சொல்லி மாட்டி விட்டாங்க, சாப்பாட்டைப் பத்தி ஒரு பேப்பர் கூட தரல. அக்ரிலிக் நடுவுல விரிசல் விட்டுச்சு, போன் பண்ணா அடுத்த வாரம் வாங்க, டாக்டர் ஊர்ல இல்லன்னாங்க. ஒடஞ்ச செட்டு ஒரு பக்கமா ஆடுச்சு, அந்தப் பக்கத்து இம்ப்ளாண்ட் மேல மொத்த பாரமும் விழுந்து அது பிடிக்காமலே போயிருச்சு. வேற டாக்டர் அதை எடுத்து, எலும்பு ஆறுனப்புறம் புதுசா வெச்சாரு, இப்ப நல்லா இருக்கு. அந்த டாக்டருக்கு ஆன பெரிய கஷ்டம் என்னன்னா உள்ள இருக்கறது எந்த கம்பெனி இம்ப்ளாண்ட்டுன்னே தெரியல, என்கிட்ட கார்டு எதுவும் இல்ல. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஸ்க்ரூ டிரைவரே வேற வேறயாம். எக்ஸ்ரேல வடிவத்தைப் பாத்து கண்டுபிடிக்க வேண்டியதாப் போச்சு. இம்ப்ளாண்ட் டப்பா மேல கம்பெனி பேரு, சைஸ், லாட் நம்பர் போட்டு ஸ்டிக்கர் இருக்கும், அதை ஒட்டி கார்டு தரச் சொல்லி அன்னிக்கே கேட்டு வாங்கிருங்க, போட்டோ எடுத்து பசங்க போன்லயும் வெச்சிருங்க.

மதுரைக்காரி:

சார், படிக்கவே சங்கடமா இருக்கு, இப்ப சரியானதுல சந்தோஷம். கார்டு விஷயம் நான் எழுத விட்டுட்டேன், நல்லவேளை நீங்க சொன்னீங்க. நாகர்கோவில் தங்கச்சி, அந்த ஊசி பத்தி சொன்னதுக்கு ரொம்ப நன்றிமா, எங்க அண்ணிக்கும் போடுறாங்க, இப்பவே போன் பண்ணி சொல்லப் போறேன்.

ஈரோட்டுத் தம்பி, செலவு தாங்காதவங்க டென்டல் காலேஜ்லயும் விசாரிக்கலாம். சென்னையில கோட்டை ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, பிரைவேட் காலேஜ்கள்லயும் மேல்படிப்பு படிக்கிற டாக்டர்கள் புரொபசர் பார்வையில செய்வாங்க, வெளிய ஆகுறதை விடக் கம்மியா இருக்கும், அலைச்சலும் நேரமும் கூட ஆகும். அப்பாவுக்கு அந்த ரெண்டு இம்ப்ளாண்ட் தலையைச் சுத்தியும் மெல்லிய பிரஷ்ஷால தினமும் தேய்க்கச் சொல்லு. சொந்தப் பல்லு போனதுக்குக் காரணமான ஈறு நோய் இம்ப்ளாண்ட்டைச் சுத்தியும் வரும், அங்கயும் எலும்பைக் கரைக்கும், வலி இல்லாமலே வரும். நான் தினமும் ராத்திரி வாட்டர் ஃப்ளாஸர்ங்கற தண்ணி பீய்ச்சுற மெஷின்ல அடிச்சுட்டு சூப்பர் ஃப்ளாஸ் நூலைப் பல்லுக்கு அடியில விட்டு எடுக்குறேன், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்க்ரூ டைட்டா இருக்கான்னு பாத்து எக்ஸ்ரேயும் தேவைப்பட்டா எடுக்குறாங்க. அப்பாவுக்கு ஈறுல சிவப்போ ரத்தமோ தெரிஞ்சா செக்கப் தேதி வரட்டும்னு இருக்காம அன்னிக்கே கூட்டிட்டுப் போ தம்பி.